இருபது முத்துகளின் கணக்கு

"கமலா ஹாரிஸ் அடிக்கடி முத்துமாலை அணிகிறாரே, அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். உண்டு. நம் சென்னை சியாமளாவின் மகள், வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1986-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற மாணவியர் சங்கத்தில் சேர்ந்தார். கறுப்பினப் பெண்கள் கிரேக்க எழுத்துகளில் பெயர் சூட்டித் தொடங்கிய முதல் சங்கம் அது. தொடங்கியது 1908-இல், அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து 43 ஆண்டுகளே ஆகியிருந்தன.

இளஞ்சிவப்பும் பச்சையும் அவர்களுடைய நிறங்கள். ஐவிக் கொடியின் இலை ஒரு சின்னம். என்னைக் கட்டிப்போட்டது முத்துகள்தான். மொத்தம் 20; ஒவ்வொன்றும் சங்கத்தை உருவாக்கிய ஒரு பெண்ணுக்கு.

முதலில் கூடிய மாணவியர் 9 பேர். அதே ஆண்டு 7 பேர் சேர்ந்தார்கள். மிச்சம் நான்கு முத்துகள் யாருக்கு? 1912-இல் ஒரு பிணக்கு வந்தது. அப்போது படித்துக்கொண்டிருந்த 22 பேர், சங்கத்தின் பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்ற விரும்பினார்கள். படிப்பு முடித்திருந்த நெல்லி குவாண்டர் ஒப்பவில்லை. அந்த 22 பேரும் பிரிந்துபோய், 1913 ஜனவரி 13-இல் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள்; மார்ச்சிலேயே பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். குவாண்டரும் தோழியரும் ஜனவரி 29-இல் பழைய சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்தார்கள். அதற்காகத்தான் குவாண்டர் உட்பட மேலும் நால்வருக்கு நான்கு முத்துகள். தொடங்கியவர்களோடு காப்பாற்றியவர்களையும் ஒரே மாலையில் கோத்த அந்த மனசு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எங்கள் வீட்டு வெண்கலப் பானையின் கழுத்தில் என் பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்க்கும்போதெல்லாம் அந்தப் புள்ளிகள் விரலில் தட்டுப்படும். அதுவும் இப்படி ஒரு சின்னம்தான். இன்று பலர் அப்படிப்பட்ட பாத்திரங்களை, பெயரைக்கூடப் படிக்காமல் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். முத்துமாலையை வெறும் அலங்காரம் என்று எழுதிவிட்டுப் போவதும் அதே அலட்சியம்தான்.

காப்பாற்றப்பட்ட அந்தச் சங்கம் சும்மா இருக்கவில்லை. 1935 முதல் 1942 வரை, டாக்டர் டாரத்தி ஃபெரிபீ தலைமையில் மிசிசிப்பி மாநிலக் கிராமங்களில் மருத்துவ முகாம்கள் நடத்தியது. பருத்தித் தோட்ட முதலாளிகள் கூலிக் குடும்பங்களை வெளியே விடவில்லை. அதனால் இந்தப் பெண்கள் மருந்துகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே போய், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள்.