பேயோட்டும் பாதிரியாரின் முதல் வேலை

ஓசூருக்கு அருகிலுள்ள சூளகிரியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவாசலில் கலந்து ஒலிக்கும். தெரியாத மொழியில் சரளமாகப் பேசுவது பேய் பிடித்ததற்கு ஓர் அடையாளம் என்கிறது, 1614-இல் ரோமில் வெளியான கத்தோலிக்கச் சடங்கு நூல். சூளகிரிப் பெண் ஒருத்தி திடீரென்று கன்னடத்தில் கத்தினால் அதை அடையாளமாகக் கொள்ள முடியுமா? பிறந்தது முதல் காதில் விழுந்த மொழி அல்லவா அது!

அந்த நூலே பாதிரியாருக்குச் சொல்லும் முதல் கட்டளை, பேய் பிடித்திருப்பதாக எளிதில் நம்பிவிடாதே என்பதுதான். ஆயரின் அனுமதி இல்லாமல் சடங்கு நடத்தக் கூடாது. 1999-இல் வந்த திருத்திய பதிப்பு, தேவைப்பட்டால் மருத்துவர்களைக் கலந்தாலோசிக்கவும் சொல்கிறது. 1973-இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தை மற்றப் பேய்ப்படங்களுக்கு மேலே நான் வைப்பது இதனால்தான். அதில் வரும் பாதிரியார் கராஸ் ஒரு மனநல மருத்துவர். பேய் பிடித்ததாகக் கருதப்படும் சிறுமியை ஆஸ்பத்திரியில் பரிசோதித்துப் பார்த்த பிறகே கதை அவரிடம் வருகிறது.

அந்தப் பரிசோதனைகளால் அன்று கண்டறிந்திருக்க முடியாத நோய் ஒன்று உண்டு. 2007-இல் யோசெப் டல்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு அதை விளக்கியது. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது. முதலில் காய்ச்சல், தலைவலி. சில நாளில் காரணமில்லாத பயம், யாரோ பேசுவதுபோன்ற குரல்கள். பிறகு வாய் கோணி அசையும், உடல் வில்லாக வளையும், வலிப்பு வரும், கண் நிலைகுத்தும். கிருமிகளோடு போராட வேண்டிய எதிர்ப்புப் புரதங்கள், மூளை நரம்பணுக்களின் மேலிருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவதே காரணம். பலருக்கு இதன் தொடக்கம் சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டி. முடியும் பல்லும்கூட வளரும் அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் இருக்கும். அதைத் தாக்க உருவான புரதம் மூளையையும் தாக்குகிறது. கட்டி இருந்தால் அதை அகற்றி, ஸ்டீராய்டு முதலிய மருந்துகள் கொடுத்தால் இரண்டாண்டுக்குள் ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலைக்குத் திரும்புவதை 2013-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது.

சடங்கை நம்பியதால் உயிர் போனதும் உண்டு. ஜெர்மனியின் அன்னலீஸ் மிகேல் என்ற இளம்பெண்ணுக்கு வலிப்பு நோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆயரின் அனுமதியோடு 67 முறை பேயோட்டினார்கள். உணவை மறுத்து, 1976-இல், 23 வயதில் இறந்தாள். பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

இதனால் கோயிலும் தேவாலயமும் வேண்டாதவை என்று ஆகிவிடாது. பெங்களூரிலுள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் திண்டுக்கல் அருகே ஒரு கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002-இல் எழுதினார்கள். மருந்து இல்லை, தனிச் சடங்கும் இல்லை. சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. அன்பான அடைக்கலமே காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள்.

ஆனால் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் அந்த நோயை அடைக்கலத்தால் தீர்க்க முடியாது. காய்ச்சலுக்குப் பின் சில நாளிலேயே ஒருத்தியின் பேச்சும் நடத்தையும் மாறி வலிப்பும் வந்தால், முதுகுத் தண்டு நீரைப் பரிசோதிக்க வேண்டும். நாள் தள்ளக் கூடாது. சூளகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் சாலையிலேயே நிமான்ஸ் இருக்கிறது.