பொன்னாத்தா முதல் பாக்கியம் வரை

கதாநாயகியாக அறிமுகமாகி, வாயாடி மனைவியாகவும் கொடுமைக்கார மாமியாராகவும் தமிழ்க் குடும்பங்களுக்குள் இடம்பிடித்தவர் வடிவுக்கரசி. சினிமாவில் அவர் பழகிய வில்லத்தனத்தையும் அதனுள் இருந்த நகைச்சுவையையும் சின்னத்திரை பின்னர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது.

ராணிப்பேட்டையைச் சேர்ந்த இவர், ‘திருவிளையாடல்’ படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனின் உறவினர். அதே நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சி.கே. சரஸ்வதி ஏற்ற வடிவாம்பாள் வேடம், பணத்தாசை பிடித்த தாயைச் சிரிப்போடு காட்டியது. பார்வையாளர் திட்டிக்கொண்டே சிரிக்கும் அந்த வகை வேடத்தின் அடுத்த தலைமுறை வாரிசு என்று வடிவுக்கரசியைச் சொல்லலாம்.

பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் சிறு வேடத்தில் தோன்றிய அவர், அடுத்த ஆண்டே ‘கன்னிப் பருவத்திலே’ படத்தில் கதாநாயகி ஆனார். திருப்பம் 1985-இல் வந்தது. ‘முதல் மரியாதை’யில் ஊரே மதிக்கும் மலைச்சாமிக்கு (சிவாஜி கணேசன்) வீட்டில் ஒரு வாய்ச் சோறுகூட நிம்மதியாக இறங்காது, காரணம் மனைவி பொன்னாத்தாவின் நாக்கு. படம் பிடிக்கப்பட்டது கர்நாடகத்தில் என்றாலும், அதில் ஒலிப்பது மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனி போகும் சாலையோரக் கிராமங்களின் பேச்சு. இயக்குநர் பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர். வடமாவட்டத்தில் பிறந்த நடிகை அந்தப் பேச்சின் இழுப்பையும் ஏச்சையும் தமதாக்கிக்கொண்டதால்தான் பொன்னாத்தா நம்பும்படி அமைந்தாள். அதே ஆண்டில் வந்த ‘படிக்காதவன்’ படத்திலும் அவர் சிவாஜியின் மனைவி. கணவனின் தம்பிகளுக்கு ஆகாத அண்ணி.

‘அருணாசலம்’ (1997) படத்தில் ரஜினிகாந்தின் பாட்டி வேதவல்லி வேடம் கிடைத்தது. ரஜினியைவிட வயதில் இளையவரான அவர், அனாதை என்று சொல்லி அவரை விரட்டும் கிழவியாக நடித்தார். பத்தாண்டு கழித்து ‘சிவாஜி’ (2007) படத்தில் அதே ரஜினிக்கு வெள்ளந்தியான அம்மா. இரண்டு வேடங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அவருடைய வீச்சு விளங்கும்.

2007-இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘திருமதி செல்வம்’ 2013 வரை ஓடியது. சஞ்சீவும் அபிதாவும் நாயகன் நாயகியாக நடித்த அந்தத் தொடரில், செல்வத்தின் தாய் பாக்கியம் வேடம் வடிவுக்கரசிக்கு. காசு என்றால் குரல் குழையும். மருமகள் என்றால் முகம் கடுக்கும். ‘ரோஜா’ (2018–2022) தொடரில் கண்டிப்பான பாட்டி அன்னபூரணியாக வந்தார்.

சினிமா வில்லிக்கு இரண்டரை மணி நேரம் போதும். தொடரின் வில்லியோ ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் வீட்டுக்குள் வருபவள். வெறும் கொடுமையை மக்கள் அத்தனை நாள் சகிக்க மாட்டார்கள். அதனால் அவளுடைய பேராசையிலும் பயத்திலும் அசட்டுத்தனம் கலந்திருக்க வேண்டும். அவள் போடும் திட்டம் அவள் தலையிலேயே விடிய வேண்டும். தொலைக்காட்சியில் முகத்தை நெருங்கிக் காட்டும் காட்சிகளே அதிகம். அங்கே உதட்டுச் சுழிப்பு, முணுமுணுப்பு, திடீரென்று வரும் ஒப்பாரி ஆகியவையே வசனத்தைவிட அதிகம் பேசும். இந்தக் கருவிகள் அனைத்தும் வடிவுக்கரசிக்குச் சினிமாவிலேயே கைவந்திருந்தன.

வில்லி முத்திரை விழுந்த பிறகும் வேறு வேடங்கள் அவரைத் தேடி வந்தன. மதுரை வட்டாரத்தைக் களமாகக் கொண்ட சீனு ராமசாமியின் ‘கண்ணே கலைமானே’ (2019) படத்தில் அவர் பேரன்மேல் உயிரை வைத்திருக்கும் அப்பத்தா. கொடுமைக்கார மாமியாரும் பாசக்கார அப்பத்தாவும் ஒரே முகத்தில் பொருந்துவதற்குக் காரணம், அவர் எந்த வேடத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவே நடித்ததுதான். தமிழ்ச் சின்னத்திரையின் மாமியார் வேடத்துக்கு அவர் வகுத்துத் தந்த இலக்கணமும் அதுவே.