மார்பு விரியக் காற்று வரும்

"மூச்சை நன்றாக இழுங்கள்" என்கிறார் மருத்துவர், இழுக்கிறோம். மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு "விடுங்கள்" என்கிறார், விட்டுவிடுகிறோம். இழுப்பது எது, எதைக் கொண்டு இழுக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் விடை சற்று வியப்பூட்டும். நுரையீரலுக்குக் காற்றை இழுக்கும் ஆற்றல் கிடையாது. தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை எதுவும் அதனிடம் இல்லை. தனியே விட்டால் அது சுருங்கிப் போகும் இயல்பினது. நாம் செய்வதெல்லாம் மார்புக்குள் சிறிது இடம் உண்டாக்குவதுதான். அவ்விடத்தை நாடி வந்து புகுவது வெளியிலுள்ள காற்றின் வேலை.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணி அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு வடநாட்டில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அதற்கு வருமுன் இயந்திரத்தைச் சற்றே அறிந்துகொள்வோம்.

காற்றுக்கும் எடையுண்டு. இத்தாலி தேசத்து டாரிசெல்லி, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துவைத்து இதனை விளக்கினார். நாமெல்லோரும் ஒரு காற்றுக்கடலின் அடித்தளத்தில் வாழ்கின்றோம் என்ற கருத்தை 1644-இல் தம் நண்பருக்கு வரைந்த கடிதத்தில் வெளியிட்டார். கடல் மட்டத்தில் அக்காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும். நீராயின் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும். சென்னை மெரீனாவில் உலாவுவோரும் மும்பைச் சௌபாத்தியில் உலாவுவோரும் இந்தப் பாரத்தைச் சுமந்தே உலாவுகின்றனர். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாக இருப்பதால் நாம் அதை உணர்வதில்லை. எங்கேனும் அழுத்தம் ஒரு சிறிது குறைந்தால், குறைந்த இடத்தை நோக்கிக் காற்று பாய்கிறது. மூச்சின் மருமம் முழுவதும் இவ்வளவே.

கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துருத்தியின் பக்கங்களை விரித்தால் காற்று தானே உட்புகுகிறது. அதற்குள் யாரும் ஊதுவதில்லை. நம் மார்புக்கூடு அத்தகையதே. இருபுறமும் பன்னிரண்டு பன்னிரண்டாக விலாவெலும்புகள். அடியிலே, மார்பையும் வயிற்றையும் பிரித்து, கவிழ்த்த கிண்ணம் போல் மேலெழுந்து நிற்கும் உதரவிதானம் என்னும் தசைத் தட்டு. இத்தசை சுருங்கும்போது கிண்ணம் தட்டையாகி, அமைதியான மூச்சில் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் கீழிறங்குகிறது. அதே வேளையில் விலாவெலும்புகள், வாளியின் பிடியைத் தூக்கினால் அது வெளிப்பக்கமாக விலகுவது போல, உயர்ந்து அகல்கின்றன. இடம் பெருகுகிறது, பெருகிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. அடைபட்ட காற்றின் இடம் பெருகினால் அழுத்தம் அதற்கேற்பக் குறையும் என்பது ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி.

அதே நூற்றாண்டில் ஜான் மேயோ என்ற ஆங்கிலேய மருத்துவர் துருத்தி ஒன்றினுள் விலங்கின் நீர்ப்பையை வைத்துக் கட்டி, துருத்தியை விரிக்கும்போது பை தானாகவே உப்புவதை எடுத்துக்காட்டினார். நம் வீட்டுப் பிள்ளைகளும் இதைச் செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் அடியை வெட்டிவிட்டு, வாய்ப்புறத்தில் ஒரு பலூனை உள்நோக்கித் தொங்கவிட வேண்டும். வெட்டிய அடியில் இன்னொரு பலூனின் ரப்பரை இழுத்துக் கட்டி, அந்த ரப்பரைக் கீழே இழுத்தால், ஒருவரும் ஊதாமலே உள்ளிருக்கும் பலூன் விரியும். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்கு ஏற்ற வேலை. தொலைக்காட்சிக்கு அரைமணி நேரம் ஓய்வும் கிடைக்கும்.

நம்மை மெய்யாகவே வியக்கவைப்பது, இதற்கு வேண்டிய அழுத்த வேறுபாட்டின் சிறுமை. அமைதியாக ஒரு மூச்சு வாங்கும்போது நுரையீரலின் சிற்றறைகளில் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு சென்டிமீட்டர் நீரளவு குறைகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். உறிஞ்சுகுழல் வைத்து இளநீர் பருகும்போது, நீரைப் பத்து சென்டிமீட்டர் மேலேற்றுவதற்கே இதைப் போல் பத்து மடங்கு வேண்டும். ஆயினும் அந்த ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே வந்துவிடுகிறது. வெளிவிடும்போது அமைதி நிலையில் அந்த உழைப்புக்கூட இல்லை. தசைகள் தளர, விரிந்திருந்த நுரையீரல் தன் இயல்பால் சுருங்கிக் காற்றை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று கொண்டால் நாளொன்றுக்கு 21,600. சிதம்பரம் பொன்னம்பலத்துக் கூரையின் பொன்னோடுகளுக்கு மரபு கூறும் எண்ணிக்கையும் இதுவே. கணக்கிட்டவர்கள் மூச்சை எண்ணித்தான் பார்த்திருக்க வேண்டும்.

இராணுவப் பணியின் பொருட்டு லே நகருக்கு மாற்றலாகிச் செல்லும் நம்மவர்க்கு ஒரு சொல். அந்நகர் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்கே. மார்பு எப்போதும் போலவே விரியும், அரை லிட்டர் காற்றும் வரும். அதில் பிராணவாயுவின் அளவுதான் குறைந்திருக்கும். போய் இறங்கிய முதல் இரண்டு நாட்கள் ஓய்ந்திருக்கச் சொல்வது இதனால்தான்.

இனி, மார்பு விரிந்தால் நுரையீரல் ஏன் கூடவே விரிய வேண்டும்? இரண்டும் எலும்பாலோ நாராலோ பிணைக்கப்படவில்லை. கழுவிய தட்டுகளை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால், பிறகு அவை பிரிய மறுப்பதை நம் இல்லங்களில் தினமும் காண்கிறோம். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வும் மார்பின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சவ்வும், இடையே சிறிதளவு நீர்ப்பசையுடன், அவ்வாறே ஒட்டி நிற்கின்றன. நுரையீரல் உள்நோக்கிச் சுருங்க முயல்கிறது. மார்புச் சுவர் வெளிநோக்கி விரிய முயல்கிறது. ஆகவே இடைவெளியில் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீரளவு குறைந்தே இருக்கும். விபத்தில் மார்பு துளைபட்டாலோ, நுரையீரலின் மேற்பரப்பு கிழிந்தாலோ, அவ்விடைவெளிக்குள் காற்று புகும். பிடிப்பு விட்டுப்போய் நுரையீரல் சுருங்கிவிடும். மார்பு எவ்வளவு விரிந்தாலும் அது கூட வராது.

அத்தகைய நோயாளியின் கட்டிலடியில், மார்பிலிருந்து வரும் குழாயின் முனை நீருக்குள் மூழ்கியிருக்க, ஒரு புட்டி வைக்கப்பட்டிருப்பதை மருத்துவமனைகளில் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் பூலௌ என்னும் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் கையாண்ட முறை அது. உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உட்புக நீர் வழிவிடாது. மூச்சு வாங்கும்போது குழாயில் நீர் சற்று ஏறும், விடும்போது இறங்கும். மார்புக்குள் நிகழும் அழுத்த மாற்றத்தைக் கண்ணால் காணக் கிடைக்கும் இடம் அது ஒன்றே எனலாம். பார்க்கச் செல்லும் உறவினர், இடைஞ்சலாக இருக்கிறதென்று அப்புட்டியைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துவிடக் கூடாது. மார்பின் மட்டத்துக்கு மேல் உயர்ந்தால் புட்டியின் நீர் மார்புக்குள்ளேயே இறங்கக்கூடும்.

மார்பை விரிக்கும் தசைகளே ஓய்ந்துபோனால் என் செய்வது? இளம்பிள்ளைவாதம் பல குழந்தைகளை அந்நிலைக்குத் தள்ளிற்று. 1928-இல் அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் ஓர் இரும்புப் பெட்டியைச் செய்தனர். தலை மட்டும் வெளியே இருக்க, உடலைப் பெட்டிக்குள் கிடத்தி, உள்ளிருக்கும் காற்றழுத்தத்தைப் பம்பு வைத்துக் குறைப்பார்கள். மார்பு தானே உயரும்; வாய்வழியே காற்று உட்புகும். இரும்பு நுரையீரல் என்று பெயர் பெற்ற இது உண்மையில் இரும்பு மார்பு. இயற்கையின் வழியையே அது பின்பற்றியது. 1952-இல் கோபன்ஹேகன் நகரை அந்நோய் தாக்கியபோது பெட்டிகள் போதவில்லை. பியோர்ன் இப்சென் என்னும் மயக்க மருந்து மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து அப்பைகளைக் கையால் அமுக்கினர். 2020-லும் 2021-லும் கொரோனா நோயின்போது நம் காதில் ஓயாது விழுந்த வெண்டிலேட்டர் என்னும் கருவி அந்தக் கைகளின் வழித்தோன்றல். இந்தியாவில் இயற்கையாய்ப் பரவிய இளம்பிள்ளைவாதத்தின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுரா மாவட்டத்தில் காணப்பட்ட ஒரு குழந்தை.

இனி, முன்பு சொன்ன செய்திக்கு வருவோம்.

வடநாட்டுக்குப் புதிதாக வந்த நம் பெண்களிடம், அண்டைவீட்டு அம்மையார் குழந்தையைப் பார்த்துவிட்டு, "பஸ்லி சல் ரஹீ ஹை" என்று பதறிச் சொல்லக்கூடும். பஸ்லி என்றதும் பசலைக்கீரை நினைவுக்கு வந்து குழம்பினாலும் வியப்பில்லை. பஸ்லி என்பது விலா. விலா ஓடுகிறது என்கிறார் அவர். நம் பாட்டிமார் இதையும் இளைப்பையும் வேறு பலவற்றையும் சேர்த்து இழுப்பு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். இவ்விடத்தில் இந்திக்காரர் சொல் கூர்மையானது. அவர் கண்டது நிமோனியாவின் அடையாளமாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஊர்ப்புற ஊழியர்களுக்கும் கற்பிக்கும் அடையாளமும் அதுவே.

காரணம் மேலே சொன்ன இயந்திரத்தில் இருக்கிறது. நிமோனியா கண்ட நுரையீரல் விறைத்துப்போகிறது; சிற்றறைகளில் சீழும் நீரும் நிறைகின்றன. வழக்கமான இழுவைக்கு அது விரிவதில்லை. ஆகவே உதரவிதானம் பலங்கொண்ட மட்டும் கீழிறங்குகிறது; மார்புக்குள் அழுத்தம் மேலும் மேலும் குறைகிறது. பெரியவர்களுக்கு விலா முற்றிய எலும்பு, அசையாது நிற்கும். குழந்தைக்கோ அதில் பெரும்பகுதி இளங்குருத்து. வெளியிலுள்ள காற்றுக்கடல், நுரையீரலுக்குள் நுழைய முடியாமல், மென்மையான மார்புச் சுவரையே உள்ளே அமுக்குகிறது. நலமாயுள்ள குழந்தை மூச்சு வாங்கும்போது மார்பும் வயிறும் சேர்ந்து எழும். இக்குழந்தைக்கு வயிறு எழும். விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே போகும். இரண்டு மாதம் நிரம்பாத சிசுக்களுக்கு மார்பு மிகவும் இளகியது. ஆதலின் சற்றே உள்வாங்குவது இயல்பு. ஆழமாகப் பள்ளம் விழுந்தால் அங்கும் ஆபத்துத்தான்.

இதற்கு விலாவில் எண்ணெய் தேய்ப்பதும், இறுக்கிக் கட்டுவதும், சில இடங்களில் சூடு போடுவதும் வழக்கத்தில் உண்டு. நம் ஊர்ப்பக்கமும் இதற்கு விலக்கன்று. நோய் விலாவில் இல்லை. விலா அதை நமக்கு அறிவிக்கிறது, அவ்வளவே. இறுக்கிக் கட்டுவதோ வயிற்றை அமுக்கி, குழந்தைக்கு எஞ்சியுள்ள ஒரே துணையான உதரவிதானத்தையும் தடுத்துவிடும். சூடு போடுவதைப் பற்றிச் சொல்லவும் கை கூசுகிறது.

விலாவைப் பார்ப்பதோடு மூச்சையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஓராண்டு நிரம்பும்வரை 50 அல்லது அதற்கு மேல், ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது விரைந்த மூச்சு. இருமலோடு விரைந்த மூச்சோ, விலா உள்வாங்குவதோ கண்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இராது அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பால் குடிக்க இயலாமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பியும் எழாத மயக்கம் இவற்றுள் ஒன்றேனும் சேர்ந்தால் நேரே மருத்துவமனைக்கு.

இங்குள்ள குளிர் நமக்குப் பழக்கமில்லாதது. அஞ்சி அஞ்சி, சட்டைமேல் சட்டையும் அதன்மேல் கம்பளியும் சுற்றிக் குழந்தையின் முகம் மட்டும் தெரிய வைத்திருப்போம். அத்தனை துணிக்கடியில் விலா ஓடினாலும் யார் கண்ணுக்குத் தெரியும்? இருமும் குழந்தை உறங்கும்போது, அல்லது அழாமல் அமைதியாக மடியில் இருக்கும்போது, விளக்கைப் போட்டு, கதவை மூடிக்கொண்டு, துணிகளை மார்புக்கு மேலே உயர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பால் குடிக்கும்போதும் அழும்போதும் எண்ணினால் கணக்குத் தவறும். சிசுவுக்கு 60-க்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுவது நல்லது. அந்த ஒன்றிரண்டு நிமிடக் குளிர் குழந்தையை ஒன்றும் செய்துவிடாது.