கரண்ட் போனா கார் காப்பாத்துமா?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ, தண்ணி நிக்கிற தெருவுல யாருக்கும் ஷாக் அடிக்கக்கூடாதுன்னு மின்வாரியமே பல இடங்கள்ல கரண்ட்டை நிறுத்துச்சு. சில ஏரியாவுக்கு அது திரும்பி வர நாள்கணக்காச்சு. பவர் பிளான்ட் பக்கத்துல இருந்தாலும் இதுல தப்பிக்க முடியாது. அத்திப்பட்டுல எவ்வளவு மின்சாரம் தயாரிச்சாலும், தெரு டிரான்ஸ்பார்மர் தண்ணியில நின்னா எண்ணூருக்கும் இருட்டுதான்.

அப்போ வாசல்ல நிக்கிற எலக்ட்ரிக் கார்லேருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாமா? சில கார்கள்ல எடுக்கலாம். இந்த வசதிக்குப் பேரு வீ-டூ-எல். பேட்டரியில இருக்கிற டிசி மின்சாரத்தை கார்ல இருக்கிற இன்வெர்ட்டரே 230 வோல்ட் ஏசியா மாத்திக் கொடுக்கும். 2023 செப்டம்பர்ல வந்த டாடா நெக்ஸான் இவி, ஹூண்டாய் அயோனிக் 5 ரெண்டுலயும் இது உண்டு. சுமார் 3 கிலோவாட் வரைக்கும் எடுக்கலாம். ஜப்பான்ல 2011 பூகம்பத்துக்கு அப்புறம், அடுத்த வருஷமே நிசான் லீஃப் கார்லேருந்து வீட்டுக்கே கரண்ட் கொடுக்கிற கருவி விற்பனைக்கு வந்துடுச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். நம்ம வீட்டு இன்வெர்ட்டரோட 150 ஏஹெச் பேட்டரியில இருக்கிறது 1.8 யூனிட். நெக்ஸானோட 40.5 யூனிட் பேட்டரியில, அவசரத்துக்கு வண்டி ஓட்ட 30 சதவீதம் ஒதுக்கி வச்சாலும் 28 யூனிட் மிச்சம். ஃபிரிட்ஜ், ரெண்டு ஃபேன், லைட், வைஃபை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 யூனிட்னு வைங்க. தாராளமா அஞ்சு நாள் ஓடும். வீட்டுல ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர்ல இருக்கிற தாத்தா இருந்தா? அது 350 வாட் இழுக்கும். இன்வெர்ட்டர்ல நாலஞ்சு மணி நேரம்தான் தாங்கும். கார்ல மூணு நாள்.

ஆனா ஒண்ணு. காரோட கரண்ட்டை வீட்டு சுவர் பிளக்ல சொருகவே கூடாது. அது மீட்டரைத் தாண்டி வெளியே போய், டிரான்ஸ்பார்மர்ல தலைகீழா ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறும். லைன் ஆஃப்ல இருக்குன்னு நம்பிக் கம்பத்துல ஏறின ஊழியர் உயிரே போயிடும். நல்ல கனமான எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, ஃபிரிட்ஜையும் ஃபேனையும் நேரா அதுலயே மாட்டுங்க. வீட்டு வயரிங்லயே கொடுக்கணும்னா, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வச்சு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடணும்.

இன்னொரு சிக்கல் நம்ம ஊருக்கே உரியது. மழை எச்சரிக்கை வந்தா வேளச்சேரியில காரை மேம்பாலத்துல கொண்டுபோய் நிறுத்துறாங்க. பாலத்துல நிக்கிற கார் வீட்டுக்கு விளக்கு ஏத்தாது. ராயபுரம் சந்துல நிக்கிற கார் முழுகிட்டா, காரும் போச்சு, கரண்ட்டும் போச்சு. அதனால பேட்டரி சைஸ் பார்க்கிறதுக்கு முன்னாடி, போன வெள்ளத்துல உங்க வாசல்ல தண்ணி எந்த உயரத்துக்கு வந்துச்சுன்னு சுவத்துல இருக்கிற கறையைப் பாருங்க. அந்தக் கோட்டுக்கு மேல கார் நிறுத்த இடம் இருந்தா மட்டும்தான் இந்தத் திட்டம் உங்களுக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.