உங்களுக்குத் தெரியுமா?

பீளமேட்டிலிருந்து சரவணம்பட்டி போய், சத்தி ரோட்டைப் பிடித்து வடக்கே அன்னூர், புளியம்பட்டி தாண்டினால், இரண்டு மணி நேரத்துக்குள் புலிக்காட்டின் வாசலில் நிற்கலாம். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு நாம் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறோமே, அதுதான் 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் என்பதால், முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலைக் காடுகளுக்கு யானைகள் இதன் வழியாகவே போய்வருகின்றன.

புலிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கியதற்காக, 2022-இல் நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவோடு இக்காப்பகமும் சர்வதேச 'டிஎக்ஸ்2' விருது பெற்றது.

புலியைவிட அரிய காட்சி வேறு ஒன்று உண்டு. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே வட்டமிடும் பாறுக் கழுகு! மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகையும் கொன்றது. கால்நடைகளுக்கு அம்மருந்தை 2006-இல் இந்தியா தடை செய்தது. தென்னிந்தியாவில் பாறுகள் இன்றும் கூடுகட்டும் வெகுசில இடங்களுள் இதுவும் ஒன்று.

திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, பகலிலேயே கிளம்புங்கள். குரங்குகளுக்குப் பொரி போடாதீர்கள்.