குரல் யாருடையது?
ஆபிரிக்கத் திரைப்பட முன்னோடிகள் சிலரும் மொழிப் பிரச்சினையும்

ஆபிரிக்க இலக்கியம் பற்றித் தமிழ் வாசகர் மத்தியிற் கணிசமான அளவு பேசப்பட்டு வந்துள்ளது. அச்சிபே, சொயிங்கா, கூகி ஆகியோரின் பெயர்கள் நமக்குப் புதியனவல்ல. ஆனால் அக்கண்டத்தின் திரைப்படம் பற்றியோ, அதனை உருவாக்கிய கலைஞர்களின் வாழ்க்கை பற்றியோ நாம் அறிந்திருப்பது மிகச் சொற்பமே. திரைப்படம் வெறும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் கற்றோரிடையே இன்னும் முற்றாக அகலாமை இதற்கு ஒரு காரணமாகலாம். முன்னாளைய பிரெஞ்சு மேற்கு ஆபிரிக்காவைப் பொறுத்தவரை, இலக்கியத்தாற் கடக்க முடியாத ஓர் எல்லையைத் திரைப்படம் கடக்க முனைந்தது. திரையில் தோன்றும் முகம் ஆபிரிக்க முகமாயிருக்கையில், அம்முகத்திலிருந்து எழும் குரல் யாருடையது என்ற வினா அம்முயற்சியின் மையத்தில் இருந்தது. ஒருசிலரின் வாழ்க்கையையும் தொழிலையும் கொண்டு அவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். 1934ஆம் ஆண்டு, அப்போது குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த பியர் லவாலின் பெயரால் அறியப்படும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அதன்படி, பிரெஞ்சு ஆபிரிக்காவிற் படம் பிடிக்க விரும்பும் எவரும் ஆட்சியாளரின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். யார் படம் பிடிக்கிறார், எதனைப் பிடிக்கிறார் என்பன முன்கூட்டியே ஆராயப்பட்டன. பாரிசில் திரைப்படக் கல்வி பெற்ற முதல் ஆபிரிக்கருள் ஒருவரான போல்ன் சுமானு வியேராவும் அவர்தம் தோழரும் 1955இல் தமது குறும்படத்தைச் சொந்த மண்ணிற் பிடிக்க இயலாது பாரிஸ் நகர வீதிகளிலேயே பிடித்தனர். படத்தின் பெயர் 'சேன் நதிக்கரை ஆபிரிக்கா'. ஆபிரிக்கரின் திரைப்பட வரலாறு ஐரோப்பியத் தலைநகரொன்றில் தொடங்க நேர்ந்தமை தற்செயலானதன்று. வியேரா பிற்காலத்தில் நெறியாளராக அன்றி, ஏனையோரின் படங்களுக்குத் துணைநின்ற அமைப்பாளராகவும் திறனாய்வாளராகவுமே பெரிதும் பயன்பட்டார்.

இவ்வாணையால் ஐரோப்பியர் படம் பிடிப்பது தடைப்படவில்லை. 1957இல் இனவரைவியலாளர் ழான் ரூஷ், ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில் திரெஷ்வில் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு படத்தை எடுத்தார். 1958இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'நான் ஒரு கறுப்பன்'. நைஜர் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர் சிலரே இதன் பாத்திரங்கள். அவர்கள் தமக்கு எட்வர்ட் ஜீ. றொபின்சன், எடி கொன்ஸ்ரன்ரைன், டார்சான் என்று அயல்நாட்டுத் திரை நாயகரின் பெயர்களைச் சூட்டிக்கொண்டவர்கள். றொபின்சனாக வருபவர் உமாரு கண்டா. 1935இல் நைஜரிற் பிறந்த இவர், பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து இந்தோசீனப் போரில் வியட்நாமிய மக்களுக்கு எதிராகப் போரிட்டுத் திரும்பியவர். அபிஜான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு குடியேற்ற நாட்டு மகன் இன்னொரு குடியேற்ற நாட்டை அடக்குவதற்குக் கருவியாக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட கதை அவரது சொந்தக் கதையாகும்.

ரூஷின் படம் ஒலியின்றிப் பிடிக்கப்பட்டது. பின்னர் கண்டா தமது உருவத்தைத் திரையிற் பார்த்தவாறே, தம் மனதில் எழுந்தவற்றைப் பிரெஞ்சு மொழியிற் பேச, அது ஒலிப்பதிவு செய்யப்பட்டது. ஒரு கறுப்புத் தொழிலாளி திரையில் தன்னைப் பற்றித் தானே பேசுவது அக்காலத்திற் புதுமையான செயல் என்பதை மறுக்க முடியாது. ஐரோப்பிய விமர்சகர் அதனை வியந்து போற்றினர். எனினும் காட்சிகளைத் தெரிந்தவரும் வெட்டி ஒட்டியவரும் ரூஷ்தான். பேசுகின்ற உரிமை கண்டாவுக்கு வழங்கப்பட்டது. பேச்சை ஒழுங்குபடுத்தும் உரிமை வழங்கப்படவில்லை. அப்படத்திற் காட்டப்பட்ட தம் உருவம் பற்றிக் கண்டா பிற்காலத்தில் மனநிறைவு கொண்டாரல்லர். செனகல் நாட்டவரான உஸ்மான் செம்பென் 1965இல் ரூஷை நேரிற் சந்தித்து விவாதித்தபோது, ஆபிரிக்கரைப் பூச்சிகளை ஆராய்வது போல நோக்குகிறீர்கள் என்று குற்றஞ்சாட்டியது இன்றும் நினைவுகூரப்படுகின்றது. இக்குற்றச்சாட்டு ரூஷுக்கு முற்றிலும் நியாயம் செய்வதன்று என்பது என் கருத்து. ஆனால் அதன் பின்னாலிருந்த சினம் நியாயமானது.

கண்டாவின் மறுமொழி விவாதமாக அமையவில்லை, படமாக அமைந்தது. நைஜருக்குத் திரும்பிய அவர் 1968இல் 'கபஸ்கபோ' என்ற படத்தைத் தாமே எழுதி, நெறிப்படுத்தி, முதன்மைப் பாத்திரத்திலும் நடித்தார். இந்தோசீனாவிலிருந்து கைநிறையப் பணத்துடன் ஊர் திரும்பும் படைவீரன் ஒருவன், தன்னைச் சூழ்ந்து புகழ்பாடுவோருக்கு அனைத்தையும் வாரியிறைத்து வெறுங்கையனாகி, ஈற்றில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்தை நாடிச் செல்கிறான். ரூஷின் படத்தில் சொல்லப்பட்ட போர் நினைவுகளே இங்கு முழுக் கதையாக விரிந்துள்ளன. ஆனால் இம்முறை பேசப்படும் மொழி கண்டாவின் தாய்மொழியான ஸர்மா. பத்தாண்டு இடைவெளியில் ஒரே மனிதன் ஒரே அனுபவத்தை இருமுறை கூறியிருக்கிறான். இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்க்கு, நடிகனுக்கும் கலைஞனுக்கும் இடையிலான வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை.

செம்பெனின் பாதை வேறானது. 1923இல் தென் செனகலின் சிகின்ஷோர் நகரில் மீனவக் குடும்பமொன்றிற் பிறந்த அவரது பள்ளிப் படிப்பு இடையில் முறிந்தது. டக்காரில் கொத்து வேலை செய்தார். இரண்டாம் உலகப் போரிற் பிரெஞ்சுப் படையிற் பணிபுரிந்தார். பின்னர் பிரான்சு சென்று மார்சேய் துறைமுகத்தில் ஏற்றியிறக்கும் தொழிலாளியானார். தொழிற்சங்கமும் கம்யூனிஸ்ட் கட்சியுமே அவரது பல்கலைக்கழகங்களாயின. 1956இல் வெளிவந்த முதல் நாவலின் பெயரே 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி' என்பதாகும். 1947-48இல் டக்கார்-நைஜர் புகையிரதத் தொழிலாளர் நடத்திய நெடிய வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்டு 1960இல் அவர் எழுதிய நாவல், உலகத் தொழிலாள வர்க்க இலக்கியத்தில் வைத்து எண்ணப்படத்தக்கது.

எனினும் 1960இல் சுதந்திர செனகலுக்குத் திரும்பிய அவர் கசப்பான ஓர் உண்மையை எதிர்கொண்டார். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் அவரது நூல்களைப் படிக்க முடியாதவர்கள். புகையிரதத் தொழிலாளியின் வீரம் பாரிசில் வாசிக்கப்பட்டது. தொழிலாளி வாழ்ந்த தியெஸ் நகரில் வாசிக்கப்படவில்லை. ஏறத்தாழ நாற்பது வயதில், புகழ்பெற்ற நாவலாசிரியராயிருந்தும், அவர் மொஸ்கோ சென்று கோர்க்கி கலையகத்தில் மார்க் டொன்ஸ்கோயிடம் மாணவராக அமர்ந்தார். திரைப்படத்தை மாலைநேரப் பள்ளிக்கூடம் என்று அவர் வருணித்ததன் பொருள், இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளற்பாலது.

ஆனால் சாதனத்தை மாற்றியதால் மொழிப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடவில்லை. 1963இல் எடுத்த முதற் குறும்படமான 'போரொம் சாரெட்' ஒரு வண்டிக்காரனின் ஒரு நாள் வாழ்க்கையைச் சித்திரிக்கின்றது. வண்டிக்காரன் சிந்திப்பதோ பிரெஞ்சில். 1966இல் வெளிவந்த 'லா நுவார் து...' என்ற படத்தில் இம்முரண்பாடு உச்சத்தை அடைகின்றது. தலைப்பே முற்றுப்பெறாத தொடர்: இன்ன இடத்திலிருந்து வந்த கறுப்புப் பெண் என்றும், இன்னாருக்கு உடைமையான கறுப்புப் பெண் என்றும் அது இருபொருள் படும். டக்காரிலிருந்து பிரான்சின் ஆன்டீப் நகருக்குப் பணிப்பெண்ணாகக் கொண்டுசெல்லப்படும் டியுவானா, நான்கு சுவர்களுள் அடைபட்டு, ஈற்றில் குளியலறையில் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். பத்திரிகைச் செய்தியொன்றே இதன் கரு.

இப்படத்தில் ஒரு காட்சி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. டியுவானாவுக்கு ஊரிலிருந்து தாயின் பெயரிற் கடிதம் வருகிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எசமான் அதை வாசித்துக் காட்டி, அவள் வாய் திறக்குமுன் மறுகடிதத்தையும் தானே எழுதத் தொடங்குகிறான்: நலமாயிருக்கிறேன், எசமானர் நல்லவர் என்று. இவை தன் சொற்கள் அல்ல என்பதை உணரும் அவள் கடிதத்தைக் கிழித்தெறிகிறாள். குடியேற்றவாதம் அடிமைப்பட்டவனின் பெயரால் தானே பேசும் என்ற உண்மையை இதனினும் எளிமையாக எந்த அரசியற் கட்டுரையும் விளக்கியதாகத் தெரியவில்லை.

டியுவானாவாக நடித்தவர் எம்பிசின் தெரேஸ் டியோப் என்ற செனகல் பெண்; தையற்றொழில் செய்தவர். அவரது மௌனமும் நடையும் கண்களுமே படத்தைத் தாங்குகின்றன. ஆனால் நாம் கேட்கும் மனக்குரல் அவருடையதன்று. பிரெஞ்சில் அக்குரலை வழங்கியவர் பாரிசில் வாழ்ந்த ஹெயிற்றி நாட்டுப் பாடகியும் நடிகையுமான டோட்டோ பிசாந்த். தன் சொற்கள் பறிக்கப்பட்டதை எதிர்த்து மாளும் பெண்ணின் கதையில், நடித்தவரின் குரலே இல்லை. இதனைச் செம்பெனின் கபடம் என்பது அறியாமை. கையிலிருந்த பணமும் கருவிகளும் அனுமதித்த அளவு அதுவே. பிரெஞ்சு ஒத்துழைப்பு அமைச்சின் திரைப்படப் பிரிவு இக்கதையமைப்புக்கு உதவ மறுத்தது; படம் முடிந்தபின் உரிமையை வாங்க முன்வந்தது. படம் பிரான்சில் ழான் விகோ பரிசையும், கார்த்தேஜ் விழாவில் முதற் பரிசையும் பெற்றது. டியோப் பின்னர் 'எமிட்டாய்' படத்திலும் தோன்றினார். ஆயினும் உலகப் புகழ் பெற்ற முகமொன்றுக்கு அதற்கீடான நடிப்புத் தொழில் வாய்க்கவில்லை.

1968இல் வெளிவந்த 'மண்டாபி' திருப்புமுனையாகும். பாரிசில் வீதி கூட்டும் மருமகன், டக்காரிலுள்ள மாமன் இப்ராஹிமா டியெங்கிற்கு 25,000 பிராங்கு காசுக்கட்டளை அனுப்புகிறான். அதனை மாற்ற அடையாள அட்டை வேண்டும். அட்டை பெறப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அதற்குப் பிறந்த திகதி வேண்டும். எழுத்தறிவற்ற மனிதன் கந்தோர் கந்தோராக அலைய, கைக்கு எட்டாத அப்பணத்தை நம்பி அயலார் கடன் கேட்கின்றனர். கடைசியில், பிரெஞ்சு கற்ற உறவினன் ஒருவன் முழுத்தொகையையும் விழுங்கிவிடுகிறான். டியெங்காக நடித்த மக்குரேடியா கெய் நகைச்சுவையும் அவலமும் பிரிக்கவொண்ணாதபடி அப்பாத்திரத்தைப் படைத்தார். டியெங் அப்பாவி மட்டுமல்லன். மனைவியர் இருவரையும் ஏவி வயிறு புடைக்க உண்ணும் வீண்பெருமைக்காரனுமாவான். நம்மவர் சிலர் முற்போக்குக் கலையென்றால் ஏழை குற்றமற்றவனாகவே இருத்தல் வேண்டும் என்று கருதுவதுண்டு. அவர்கள் இப்படத்தைப் பார்த்தல் நன்று.

இப்படத்தின் மாந்தர் வொலோஃப் பேசுகின்றனர். ஆனால் பணத்தின் ஒரு பகுதி பிரான்சின் அரச உதவியாக வந்தமையால், அதே படத்தைப் பிரெஞ்சிலும் ஒருமுறை எடுக்கவேண்டியதாயிற்று. கறுப்பு வெள்ளையில் எடுக்க விரும்பிய நெறியாளர் தயாரிப்பாளரின் வற்புறுத்தலால் வண்ணத்தில் எடுத்தார். சொந்த மொழியிற் பேசுவதற்கு அயல்மொழியில் வரி செலுத்தப்பட்டது. கூகி கிக்கூயு மொழிக்குத் திரும்பியது 1970களின் பிற்பகுதியில் என்பதை இவ்விடத்து நினைவிற் கொள்ளலாம். திரைப்படம் அவ்வழியில் ஏறத்தாழப் பத்தாண்டு முந்திவிட்டது.

படம் எடுப்பதுடன் பிரச்சினை முடியவில்லை. பிரெஞ்சு பேசும் ஆபிரிக்காவிற் படமாளிகைகளுக்கான விநியோகம் இரு நிறுவனங்களின் பிடியில் இருந்தது. 1970இல் அப்பர் வோல்ற்றா அரசு படமாளிகைகளைத் தேசியமயமாக்கியதும், அவை அந்நாட்டுக்குப் படம் வழங்குவதை நிறுத்தின. 1969இல் அந்நாட்டுத் தலைநகர் வாகடூகுவிலே தொடங்கிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவின் முக்கியத்துவம் இதனாற் புலப்படும். 1972இல் அவ்விழாவின் உயர்விருதைப் பெற்றவர் உமாரு கண்டா. அவர் 1981 சனவரி முதலாம் நாள் காலமானார். முதற்படம் எடுப்போருக்கு அவ்விழா வழங்கும் பரிசு அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

விடுதலை பெற்ற அரசும் குரலுக்கு அஞ்சியது. 'ஹாலா'வில் (1975) வணிகர் சங்கத்திலிருந்து விலக்கப்படும் முதலாளி, தன் தரப்பை வொலோஃபிற் கூற அனுமதி கேட்க, அது மறுக்கப்படுகின்றது. தணிக்கையாளர் இப்படத்தைப் பல இடங்களில் வெட்டினர். வெட்டப்பட்டவை எவை என்பதைச் செம்பென் துண்டுப்பிரசுரம் மூலம் மக்களுக்கு அறிவித்தார். 1977இல் 'செட்டோ' தடைசெய்யப்பட்டது. கவிஞரும் மொழிப் புலவருமான சனாதிபதி செங்கோர் கூறிய காரணம், தலைப்பின் மெய்யெழுத்து இரட்டித்து எழுதப்பட்டமை அரச எழுத்துவிதிக்கு மாறானது என்பதாகும்! இஸ்லாம் மதம் வலிந்து புகுத்தப்பட்டமையை அப்படம் பேசியதே மெய்க்காரணம் எனப் பலர் கருதுகின்றனர். செங்கோர் 1980இன் இறுதியிற் பதவி விலகும்வரை படம் செனகலில் திரையிடப்படவில்லை. புணர்ச்சி விதிக்காக நூல்கள் பழிக்கப்படுவதைக் கண்டுள்ள தமிழறிஞருக்கும் இது சற்று மிகையாகவே தோன்றும்.

'தியாறோய் முகாம்' (1988) பிரெஞ்சுப் பணமின்றி, செனகல், அல்ஜீரியா, துனீசியா ஆகியவற்றின் கூட்டுமுயற்சியாக எடுக்கப்பட்டது. நெறியாள்கையிற் செம்பெனுடன் தியெர்னோ ஃபாட்டி சோவும் இணைந்திருந்தார். போரிலிருந்து திரும்பிய ஆபிரிக்கப் படைவீரர் தமக்குரிய சம்பள நிலுவையைக் கேட்டமைக்காக, 1944 டிசெம்பர் முதலாம் நாள் பிரெஞ்சு இராணுவத்தாற் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவமே பொருள். வெவ்வேறு நாட்டவரான அவர்கள் தம்முட் பேசுவது படைமுகாமிற் பிறந்த கொச்சைப் பிரெஞ்சு. ஐவரி கோஸ்ட் நடிகர் சிடிகி பக்காபா ஏற்ற பாத்திரம் இவற்றுள் தலையாயது: புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து மீண்டு, பேச்சை இழந்தவன். இரவில் காவலிருக்கும் அவன் கவச வாகனங்கள் வருவதைக் கண்டு எழுப்பும் ஒலியைத் தோழர்கள் பித்தனின் பிதற்றல் என்று தள்ளிவிடுகின்றனர். வெனிஸ் விழாவிற் பரிசு பெற்ற இப்படம் பிரான்சில் நெடுங்காலம் திரையிடப்படவில்லை. நிகழ்ந்தது படுகொலையே எனப் பிரெஞ்சு சனாதிபதி ஏற்றுக்கொண்டது 2024 நவம்பரிலேயே.

2007 யூனில் டக்காரிற் காலமான செம்பெனின் இறுதிப் படம் 'மூலாடே' (2004). சிறுமியரின் உறுப்பைச் சிதைக்கும் வழக்கத்துக்கு எதிராக ஒரு பெண் நான்கு சிறுமியருக்கு அடைக்கலம் அளிக்கிறாள். ஊர்ப் பெரியோர், பெண்களின் மனம் கெடுவதற்கு வானொலியே காரணமென்று, வீடுதோறும் வானொலிப் பெட்டிகளைப் பறித்துக் குவித்துத் தீயிடுகின்றனர். அப்பெண்ணாக நடித்த மாலி நாட்டவரான ஃபத்துமாட்டா குலிபாலி, தொழிலால் ஓர் ஒலிபரப்பாளர். புர்க்கினா பாசோவின் கிராமமொன்றிற் பிடிக்கப்பட்ட இப்படத்திற் பேசப்படும் மொழி பம்பாரா. அது செம்பெனின் தாய்மொழியன்று.