உச்சிக்குழி எப்போது மூடும்?
குளிப்பாட்டும்போது பிள்ளையின் உச்சந்தலையில் விரல் பட்டாலே பல தாய்மார்களுக்குப் பதறும். அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. ஆனால் கெட்டியான சவ்வு மூளையைக் காக்கிறது. பயப்படாமல் மெல்லத் தேய்த்துக் குளிப்பாட்டலாம். அந்த இடம் லேசாகத் துடிப்பதும் இயல்புதான்.

பின்னந்தலையிலும் இப்படி ஒரு குழி உண்டு; அது 2, 3 மாதத்திலேயே மூடிவிடும். உச்சிக்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும்; சில பிள்ளைகளுக்கு 2 வயதுகூட ஆகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

வயிற்றுப்போக்கின்போது குழி உள்வாங்கினால், உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளை அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் குழி புடைத்தே நின்றால், அதிலும் காய்ச்சலோடு என்றால், உச்சியில் எண்ணெய் வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.